அரை மாத்திரை கூடுதலாக

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் உலை முன்னால் முப்பது வருஷம் நின்றவர் என் நைனா. ஓய்வுபெற்று வெகுகாலம் கழித்து மறதி நோய் வந்தது. மறதிதானே, சும்மா இருப்பார் என்று நினைத்தேன். அவரோ தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு கேட்டை உலுக்கி, தெருவே கேட்கத் திட்டினார். தடுக்கப் போன என் கையை ஒருநாள் கடித்தார். பல்செட் கழன்றதால் தப்பித்தேன்.

திருவள்ளூரில் ஒரு டாக்டர் அரை மாத்திரை எழுதினார். "இது மறதிக்கு இல்ல, முரட்டுத்தனத்துக்கு மட்டும். ஒரு மாசத்துல கூட்டிட்டு வாங்க. நீங்களா டோஸ் ஏத்தாதீங்க."

பலமாகத் தலையாட்டினேன். காக்களூரில் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி சூப்பர்வைசர். விதியை யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

அரை மாத்திரையில் திட்டு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு இன்னொரு அரை என்று கணக்குப் போட்டேன். கம்பெனியில் எவனாவது இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

பலன் பிரமாதம். நைனா நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்தார். எதிர்வீட்டு அம்மா, "எவ்ளோ அமைதியா கீறாரு. உன்ன மாதிரி புள்ள கெடைக்கணும்ப்பா" என்றார். அடக்கமாகச் சிரித்துவிட்டு, அந்த வாரம் டிவியில் முழு மேட்ச் பார்த்தேன்.

சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் மனைவி ஒருநாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மாமாவுக்கு சோறு வாயிலயே நிக்குது. கையி வெறச்சிகினு கீது. நேத்து பாத்ரூம்ல உழப் பாத்தாரு. நீ இன்னா குடுக்குற?"

"டாக்டர் குடுத்ததுதான்."

"அவரு சொன்ன அளவா, நீ சொன்ன அளவா?"

நான் டிவியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

மறுநாளே நைனாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் நைனாவின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"மாத்திரை அவருக்கா சார், உங்களுக்கா? இவரு விழுந்து இடுப்பு உடைஞ்சா, திரும்ப நடக்கறது கஷ்டம். மெதுவா குறைச்சு நிறுத்தலாம். அது சரி, என்ன சொல்லித் திட்றாரு?"

மாதக்கணக்கில் திட்டு வாங்கியவன் நான். எதற்கென்று காது கொடுத்ததில்லை.

மாத்திரை குறையக் குறைய நைனாவுக்கு நடை திரும்பியது, திட்டும் திரும்பியது. இந்த முறை பக்கத்தில் நின்று கேட்டேன்.

"உல எரிஞ்சிகினு கீது. ரிலீவரு இன்னும் வர்ல. அத வுட்டுட்டு நா எப்டிடா ஊட்டுக்குப் போவேன்?"

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பேற்காமல் உலையைவிட்டு ஒருவர் நகர முடியாது. நைனா வீட்டைவிட்டு ஓடப் பார்க்கவில்லை; வீட்டுக்கு வரத்தான் பார்த்திருக்கிறார்.

மறுநாள் ஆறு மணிக்கு பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியிலிருந்து கேட்டைத் திறந்தேன். "வந்துட்டேண்ணா. நீங்க கெளம்புங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "லேட்டு."

"ட்ரெயின் லேட்டுண்ணா."

"தெனம் இதே கததான்." உலை எந்தப் பக்கம் சூடு ஏறுகிறது, எதைத் தொடக் கூடாது என்று கால் மணி நேரம் ஒப்படைத்தார். பிறகு உள்ளே போய்க் கால் கழுவிவிட்டுச் சோறு கேட்டார்.

சில நாள் இது பலிக்காது. கூடவே நின்று திட்டு வாங்கிக்கொள்கிறேன். மிச்ச மாத்திரை டப்பா மனைவியிடம் இருக்கிறது. எங்கே என்று எனக்குச் சொல்வதில்லை.

நேற்று சாப்பிட்டுக்கொண்டே நைனா அவளிடம் சொன்னார்: "புச்சா ஒருத்தன் வர்றாம்மா. வேல ஒண்ணியும் தெரியல. ஆனா தெனம் வந்துட்றான்."