மழைத்தாள் போர்த்திய படம்

ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் தேடவில்லை. தலைமையாசிரியராக இருந்து பழகிய எனக்கு அது பொறுக்கவில்லை. இணையத்தில் பயிற்சித்தாள் செய்யக் கற்றுக்கொண்டது அதனால்தான். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். திரையில் இருக்கும் பெயரை விரலால் இழுத்து உரிய படத்தின் கீழே விட வேண்டும். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு.

நடுவட்டத்துக்கு அருகே நான் வேலை பார்த்த பள்ளியில், நாலாம் வகுப்புக்கு 'நம் மலையில் யார் யார்' என்று ஒன்று செய்தேன். காட்டெருமை, கரடி, பஸ் டிரைவர், தபால்காரர், கொழுந்து பறிப்பவர். கடைசிப் படத்துக்காகத் தேயிலை எஸ்டேட்டுக்கே போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, கறுப்பு பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இதைக் கழட்டிட்டு நிக்கட்டுங்களா? பாப்பா பாக்குமுல்லங்க."

"வேண்டாம்மா, அப்படியே இருங்க. அதுதான் இயல்பா இருக்கும்."

வகுப்பாசிரியரிடம் கேட்டு, வகுப்பில் பெரிய திரையில் நானே போட்டேன். ஒரு பையன் எழுந்து வந்து 'கரடி'யை இழுத்து அந்த அம்மாவின் கீழே விட்டான். சிவப்பு வந்தது. அடுத்தவனும் வந்து அதையே செய்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. அந்த அம்மாவின் மகள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

அதன் பிறகு நான் ஏறும் பஸ்ஸிலும் பையன்களிடம் அதே பேச்சு. "டேய், தள்ளி உக்காருடா, கரடிக்குட்டி வருது. கடிச்சிரும்!"

ஒருநாள் என்னிடம் வந்தாள். "சார், எங்கம்மா போட்டோவ எடுத்துருங்க சார்."

"பார்க்கலாம்மா."

வேறு படம் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் பகிர்ந்திருந்த அந்தப் பயிற்சித்தாளுக்கு நன்றி குவிந்துகொண்டிருந்தது. குன்னூரிலிருந்து ஒருவர் அந்தப் படத்தையே தனியாகப் பாராட்டியிருந்தார். நான் தொடவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. கடைவீதியில் அவள் அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்.

"கூடலூர்ல எங்கக்கா ஊட்டுல விட்டுட்டேங்க சார். அங்க என்னை யாருக்கும் தெரியாதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றே அந்தத் தாளை அழித்தேன். ஆனால் பலர் அதைத் தங்கள் கணக்கில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். அவற்றை என்னால் அழிக்க முடியாது.

போன வாரம் கூடலூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் செய்தி அனுப்பினார். 'சார், உங்கள் தாளை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். ஒரே உற்சாகம்!' எந்தப் பள்ளி என்று கேட்கத் துணிவில்லை. கொழுந்து பறிப்பவரின் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன்.

'ஏன் சார்? ரொம்ப இயல்பா இருக்கே!'

காரணம் எழுத உட்கார்ந்தேன். பையன்கள் செய்ததை எழுத முடிந்தது. நான் சிரித்தேன் என்ற வரியை மட்டும் அடிப்பதும் அழிப்பதுமாக இருக்கிறேன். பதில் இன்னும் போகவில்லை. படம் அங்கேதான் இருக்கிறது.