சின்னம்மாவின் ஈரக் களிசான்

யுத்தகாலத்தில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஜப்பான்காரனைப் பற்றிய பயத்தைவிடச் சின்னம்மாவின் களிசானைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்து பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். குண்டு விழுந்தால் காயப்பட்டவர்களைத் தூக்கும் தொண்டர்படையிலும் சேர்ந்திருந்தார். ஒரு பயிற்சியில் ஏணியில் ஏறும்போது சேலை கொளுவி விழுந்து முழங்கை விலகியது. கட்டு அவிழ்த்ததும் நேரே மருதானைத் தையற்காரரிடம் போனார். தம்பிக்கோ என்று அவர் சிங்களத்தில் கேட்க, எனக்குத்தான் என்றாராம். அவர் அளவெடுக்க மறுத்தபோது நாடாவை வாங்கித் தானே அளந்து சொல்லி, ஆண்கள் போடும் நீளக் காற்சட்டை மாதிரியே ஒரு காக்கிக் களிசான் தைப்பித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா அன்றோடு அவருடன் கதைப்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்கத் தொடங்கினார்.

"உன்ர தங்கச்சிக்கு வேற உடுப்பே இல்லையோ?"

"என்னை ஏன் கேக்கிறியள்? நானோ தைச்சுக் குடுத்தனான்?"

அப்பாவின் வெள்ளைக் களிசான்களை நாள்தோறும் அயர்ன் பண்ணிக் கொடுத்தவர் சின்னம்மாதான். அதில் ஒருவரும் குறை காணவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து பொம்பிளை பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி இருந்தது. அம்மா பொறுமை இழந்து களிசானைச் சவர்க்காரத் தண்ணீரில் அமுக்கி வைத்தார். சின்னம்மா அதை எடுத்து அலசிப் பிழிந்து, ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு, "அவை வாறதுக்கு முன்னம் வந்திடுவன் அக்கா" என்று போய்விட்டார்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். சின்னம்மா வாசலில் வந்து நின்றபோது ஈரக் காக்கியில் மணல் அப்பியிருந்தது. மாப்பிள்ளை கதிரையிலிருந்து பாதி எழும்பி அப்படியே நின்றார். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா என் கையில் ஒரு சேலையைத் திணித்து எங்கள் இருவரையும் உள்ளே துரத்தினார்.

பின்னாலேயே மாப்பிள்ளையின் தாயார் வந்தார். பருத்த உடம்பு, நடக்கவே விடாத முழங்கால் வருத்தம். ஏசத்தான் வருகிறார் என்று நான் சேலையோடு சுவரில் ஒட்டிக்கொண்டேன். அவர் குனிந்து அந்த ஈரத்துணியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, உதோட ஓடலாமோ?"

"ஓம் மாமி. மதிலும் ஏறலாம்."

"எங்க, ஓடு பாப்பம்."

சின்னம்மா குசினி வாசலால் இறங்கிப் பின்வளவு மதில்வரை ஓடித் திரும்பினார். மாப்பிள்ளையின் தாயார் கதவுநிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்கா" என்றார், மெதுவாக.

பிறகு விறாந்தைக்குப் போய், தங்களுக்கு இது சரிவராது என்று சொல்லி மகனைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. சின்னம்மா யுத்தம் முடியும்வரை களிசானை விடவில்லை.

எனக்கு மட்டும் கணக்குப் பிழைத்துக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தவர் எதற்காக இரண்டாந்தரமும் ஓடச் சொன்னார்? முதல்தரம் சரியாகத் தெரியவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.