இரண்டு பேர் பங்கு

கீலுங் துறைமுக ஊரில் லிசிங்கைத் தெரியாத அடுப்பு கிடையாது. மழை நின்றால்தான் அதிசயப்பட்டு வானத்தைப் பார்க்கிற ஊர் எங்களுடையது. அந்த மழையில், மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, எரிவாயு சிலிண்டரைத் தோளில் ஏற்றி, மலைச்சரிவுப் படிகளில் விறுவிறுவென்று ஏறிப்போகிற பெண் அவள் ஒருத்திதான். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இன்னும் அவள் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியதை யாரும் பார்த்ததில்லை.

ஊரில் அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. பெருந்தீனிக்காரி. கல்யாண விருந்துகளில் அவள் உட்காரும் மேஜைக்கு வரச் சொந்தக்காரர்கள் பயந்த மாதிரி நடிப்பார்கள். தட்டில் எது வந்தாலும் அவள் பக்கம் போனால் காலி. அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. "சிலிண்டர் தூக்குறவளுக்குச் சோறு வேண்டாமா? நீயும் ஒரு நாள் தூக்கிப் பாரு, அப்புறம் பேசு" என்று வாய் நிறையச் சிரிப்பாள்.

உண்மை வேறு. அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அவள் கணவர் வென்பின் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், நாக்குதான் அவருக்கு எதிரி. வெள்ளைச் சோறு, வேகவைத்த முட்டை, தோல் நீக்கிய கோழி, சேப்பங்கிழங்கு. இவ்வளவுதான் அவர் தொண்டையில் இறங்கும். சூப்பில் எதுவும் மிதக்கக் கூடாது. ஒரு பண்டம் இன்னொரு பண்டத்தைத் தொடக் கூடாது. கடலில் பிறந்த எதையும் அவர் வாயருகே கொண்டுபோக முடியாது. மீன் வாசத்திலேயே மூச்சு விடுகிற ஊரில் இப்படி ஒரு மனிதர்!

சின்ன வயதில் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், மீனை விழுங்கும் வரை உட்காரக் கூடாது என்று அவரை நிற்க வைத்தார். வகுப்பே கைதட்டிக்கொண்டிருக்க, அவர் அத்தனை பேர் முன்னாலும் வாந்தி எடுத்தார். அன்றிலிருந்து பசியைவிட அவமானத்துக்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

அவர்களுடைய கல்யாண விருந்தில் முதல் தட்டு வந்தபோது மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. "என்னால முடியாது" என்று அவர் அவள் காதருகே சொன்ன குரல் ஒரு குழந்தையின் குரலைப் போல இருந்தது. பக்கத்தில் சிவப்புப் பட்டில் உட்கார்ந்திருந்த லிசிங் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். மறுகணம் கிண்ணங்கள் இடம் மாறின. அவருடைய பங்கு அவள் வயிற்றுக்குள் போனது. யாரும் கவனிக்கவில்லை.

அன்று தொடங்கியது. எந்த விருந்தானாலும் அவள் அவருக்கு இடதுபக்கம் உட்காருவாள். அவர் கிண்ணம் நிறையும், கண்மூடித் திறப்பதற்குள் காலியாகும். வீட்டுக்கு வந்ததும் அவருக்குச் சுடச்சுடச் சோறும் முட்டையும். மகள் ஜியாயிங்கிடம்கூட அப்பாவுக்கு வயிற்றுப்புண், அதனால்தான் வீட்டில் தனிச் சமையல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இதை ஒரு தியாகம் என்று லிசிங் நினைத்ததே இல்லை. சிலிண்டர் மாதிரி இதுவும் ஒரு சுமை. தூக்கத் தெரிந்தவள் தூக்குகிறாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் சோதனை கப்பல் ஏறி வந்தது.

ஜியாயிங் விரும்பிய பையன் போஹான், கேப்டன் காவின் ஒரே மகன். கேப்டன் தன் வாழ்நாள் முழுவதும் தூரக்கடல் மீன்பிடிப் படகு ஓட்டியவர். பயணியாக உட்கார்ந்து, பிறர் பரிமாற, கப்பலில் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஓகினாவாவுக்கு உல்லாசக் கப்பலில் போவோம், கடைசி மாலை சம்பந்தி விருந்து, அங்கேயே நாள் குறித்துவிடலாம் என்று அழைத்துவிட்டார். மூத்த மகளுக்கு வந்த வரன் மீனைத் தொடாமல் எழுந்தான் என்பதற்காகவே பேச்சை முறித்தவர் அவர். இந்தக் கதை துறைமுகம் முழுக்கத் தெரியும். வென்பினுக்கும் தெரியும். அழைப்பு வந்த அன்று அவர் முட்டையைக்கூட வைத்துவிட்டு எழுந்தார்.

"நீ மட்டும் போயிட்டு வா லிசிங். எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"பொண்ணுக்கு அப்பா இல்லாம நாள் குறிப்பாங்களா? பக்கத்துல நான் இருக்கேன்ல. பேசாம பெட்டியக் கட்டுங்க."

பெட்டியில் அவருடைய கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே அவள் மின்சாரச் சோற்றுப்பானையைச் சுற்றி வைத்தாள். கப்பல் அறையிலேயே அவருக்குச் சோறும் முட்டையும் வேகவைத்துவிடலாம் என்பது கணக்கு. துறைமுகச் சோதனையில் பானை பிடிபட்டது. தீ ஆபத்தாம், இறங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மேஜைக்குப் பின்னால் ஏற்கெனவே ஏழெட்டுச் சோற்றுப்பானைகள் டோக்கன் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. எங்கள் ஜனங்கள் பாஸ்போர்ட்டை மறந்தாலும் பானையை மறக்கமாட்டார்கள். லிசிங் அசரவில்லை. பானை போனால் என்ன, வாய் இருக்கிறதே என்று மேலே ஏறினாள்.

முதல் இரண்டு நாள் சமாளிப்பது சுலபமாகவே இருந்தது. அவரவர் தட்டில் அவரவர் எடுத்துக்கொள்கிற பெரிய கூடம் அது. காலையில் வேகவைத்த முட்டை கிடைத்தது. மேஜைக்கு வருகிற பரிசாரகன் ரோடெலை அவள் ஏறிய அன்றே மகன் முறை வைத்துப் பேசி வசப்படுத்தியிருந்தாள். பிலிப்பைன்ஸ்காரனான அவன், பல வருஷமாக எங்கள் ஜனங்களுக்குப் பரிமாறி எங்கள் பேச்சை நன்றாகப் பேசினான். மூடி போட்ட கிண்ணத்தில் வெறும் சோறு அறைக்கே போய்ச் சேர்ந்தது. கேப்டனிடம் கடல் மயக்கம் என்று சொல்லி வைத்தாள். அவர் பரிதாபப்பட்டு, தன் கையாலேயே உப்பிட்ட இஞ்சித் துண்டுகளும் காய்ந்த ப்ளம் பழமும் கொண்டுவந்து சம்பந்தியின் கிண்ணத்தில் வைத்தார். அவர் திரும்பியதும் லிசிங் அவற்றையும் தின்றாள்.

கேப்டனின் மனைவி ஷூமான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பெண் வீட்டார் இந்த வேகத்தில் சாப்பிட்டால் கப்பல் பாதி வழியிலேயே அரிசி வாங்கத் திரும்ப வேண்டியதுதான் என்று மருமகளாக வரப்போகிறவளிடமே சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல். விருந்துக்கு உடுத்திக்கொள்ள லிசிங் அறைக்கு வந்தபோது ஜியாயிங் கட்டில் ஓரத்தில் காத்திருந்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"இன்னைக்கு ராத்திரி கொஞ்சம்... கம்மியா சாப்பிடேன். அவங்க வீட்டுல பேசிக்கிறாங்க. எனக்குத் தாங்கலம்மா."

நாற்பது கிலோ ஏறினாலும் வளையாத அந்தத் தோள் அப்போது லேசாகத் தொய்ந்தது. மகளின் தலையை வருடிக்கொடுத்து, சரி என்றாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் முகம் துடைத்துக்கொண்டிருந்த வென்பினின் கை துவாலையோடு அப்படியே நின்றுபோனது அவளுக்குத் தெரியாது.

விருந்து மண்டபத்தில் வட்ட மேஜை. நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. லிசிங் வழக்கம்போல் கணவரின் இடதுபக்க நாற்காலியை இழுத்தாள். கேப்டன் தடுத்தார். பெண்ணின் தகப்பனார் கதவைப் பார்த்த மரியாதை இருக்கையில், தன் பக்கத்தில் உட்கார வேண்டும். பெண்கள் எதிர்ப்புறம். மறுக்க முடியாத மரியாதை அது. லிசிங்கும் வென்பினும் மேஜையின் இரு கரைகளில் உட்கார்ந்தார்கள். அவள் கை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தக் கரைக்கு எட்டாது.

அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். சம்பந்தி விருந்தில் முழு மீன் வரும். அதன் தலை யாரைப் பார்க்கிறதோ அவரே முதல் துண்டை எடுக்க வேண்டும், அதுவரை வேறு யாரும் தொடக் கூடாது. இது எங்கள் வழக்கம். ரோடெலைத் தனியே பிடித்து, மீனின் தலையைத் தன் பக்கம் வைக்கச் சொல்லியிருந்தாள். முதல் துண்டு எடுபட்டுவிட்டால், அப்புறம் யார் தொடவில்லை என்று யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கடல் அன்று எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. மயக்கம் என்று சொல்லவும் வழியில்லை. வயிற்றுப்புண் என்று சொன்னாலும் ஆவியில் வெந்த மீனை எந்த வைத்தியர் தடுப்பார்?

ரோடெல் மீனைக் கொண்டுவந்து, சொன்ன சொல் தவறாமல் தலையை லிசிங்குக்கு நேராக வைத்தான். கேப்டன் புன்னகையோடு, பரிசாரகனுக்கு வழக்கம் தெரியவில்லை போலிருக்கிறது என்று சொல்லித் தட்டைத் திருப்பினார். தலை வென்பினைப் பார்த்து நின்றது. லிசிங் ஒரு விரலை வைத்து, கேப்டனே மூத்தவர், அவரே தொடங்கட்டும் என்று அவர் பக்கம் திருப்பினாள். அவர் திரும்பவும் திருப்பினார். மீன் இரண்டு சுற்றுச் சுற்றியது. மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர.

"அட, விடுங்க" என்று ஷூமான் கேப்டனைப் பார்த்துச் சொன்னாள். "சம்பந்தியம்மாவுக்குப் பசி தாங்கல போலிருக்கு. முழு மீனையும் அவங்களுக்கே குடுத்துட்டு நாம இன்னொண்ணு சொல்லிக்கலாம்."

போஹான் தலையைக் குனிந்துகொண்டான். ஜியாயிங்கின் காது மடல்கள் சிவந்தன. லிசிங் வழக்கம்போல் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

எதிர்க்கரையில் வென்பின் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

"சம்பந்தியம்மா, அவளுக்கு அவ்வளவு பசி கிடையாது. இத்தனை வருஷமா அவ சாப்பிட்டதுல பாதி என் பங்கு."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. லிசிங்குக்கு மட்டும் புரிந்தது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு பேசினார். தனக்கு மீன் இறங்காது, மயக்கமும் இல்லை, புண்ணும் இல்லை, பிறவியிலேயே நாக்கு அப்படி என்றார். கல்யாணத்தன்று கிண்ணம் மாறியதைச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்து மத்தியானத்தைக்கூடச் சொன்னார். அதை அவர் லிசிங்கைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

"என் மானம் போகக் கூடாதுன்னு ஊர்ப் பேச்செல்லாம் அவ வாங்கிக்கிட்டா. இன்னைக்குப் பெத்த பொண்ணே அவளக் கம்மியா சாப்பிடச் சொன்னதக் கேட்டேன். இதுக்கு மேல நான் உக்காந்துக்கிட்டிருந்தா நான் மனுஷனே இல்ல. மீன் சாப்பிடாத வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டீங்கன்னு தெரியும் கேப்டன். அது உங்க இஷ்டம். ஆனா அவளப் பத்தி யாரும் இனிமே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

ஜியாயிங் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் மீனைப் பார்த்தார். வெயிலிலும் உப்பிலும் வெந்த அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"கல்யாணத்தன்னைலேர்ந்தா?" என்றார்.

"ஆமா."

"ஒருத்தர்கூடப் பாக்கலியா?"

"அவ கை அவ்வளவு வேகம்."

கேப்டனின் உதட்டோரம் அசைந்தது. "மூத்தவளுக்கு வந்தவன் மீனத் தொடாததுக்கு நான் முறிக்கல. ஊரு அப்படிச் சொல்லிக்குது. சமைச்சவளக் கூப்பிட்டு எல்லார் முன்னாலயும் திட்டினான், அதுக்கு முறிச்சேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடித் தட்டில் விரலை வைத்தார். மீன் மெதுவாகச் சுழன்று, லிசிங்குக்கு நேரே வந்து நின்றது.

"சம்பந்தியம்மா, தலை உங்களப் பாக்குது. நீங்க எடுத்தாத்தான் நாங்க கை வைக்க முடியும். எனக்குப் பசிக்குது."

லிசிங் குச்சியை எடுத்தாள். தண்ணீர் நிறைந்த கண்ணுக்கு மீன் சரியாகத் தெரியவில்லை. தட்டுத்தடுமாறி ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் வைத்தாள். ஷூமான் எழுந்து வந்து, இரண்டு கையாலும் கெண்டியைப் பிடித்து அவளுக்குத் தேநீர் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகும் அங்கேயே நின்றாள். லிசிங் அவள் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்து உட்காரச் சொன்னாள்.

கேப்டன் ரோடெலைக் கூப்பிட்டு, வெள்ளைச் சோறும் வேகவைத்த முட்டையும் கேட்டார், மூடி இல்லாமல். எல்லோர் கண்ணெதிரிலும் வென்பின் முட்டையை உரித்துச் சாப்பிட்டார். யாரும் கைதட்டவில்லை. கேப்டன் தன்பாட்டுக்கு நடு முள்ளைத் தூக்கி, புரட்டினால் படகு கவிழும் என்கிற கடலோடிகளின் வழக்கப்படி மீனைப் புரட்டாமல் அடிப்பக்கத்தை எடுத்துக்கொண்டு, எட்டாம் மாதம் நல்ல நாள் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டார்.

அடுத்த தட்டு வந்தது. கடல் அட்டையும் மூங்கில் குருத்தும் போட்ட கெட்டிக் குழம்பு, எந்த விருந்திலும் தவறாத பண்டம். ஜியாயிங் அழுத கண்ணோடு அம்மாவுக்கு ஒரு பெரிய துண்டை எடுத்து வைக்கப் போனாள். லிசிங் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம். இது எனக்குப் பிடிக்காது."

எதிர்க்கரையிலிருந்து வென்பின் முட்டையும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார். "பிடிக்காதா? ஒவ்வொரு விருந்துலயும் ரெண்டு ரெண்டா முழுங்கினியே?"

"பிடிக்கும்னு நான் எப்பங்க சொன்னேன்?"

அவர் கண்ணாடித் தட்டைச் சுழற்றி, அந்தக் குழம்பை அவளுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.