டிராயிங் மாஸ்டர் வீட்டு அசுரர்கள்

புதுக்கோட்டையில் நான் தமிழாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் ஆவுடையப்பன் டிராயிங் மாஸ்டர். அதற்கு முன்பு அவருக்கு அரண்மனையில் வேலை. தசராவுக்குத் திரை எழுதுவார், காகிதக்கூழில் உருவங்கள் செய்து வர்ணம் தீட்டுவார். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அந்த வேலை போயிற்று.

கடைசி நாளன்று வேண்டாத சாமான்களை ஒரு கொட்டகைக்குப் பின்னால் குவித்திருந்தார்களாம். அதில் ஓர் அசுரன் தலை கிடந்தது. அவரே செய்தது. மூக்கு நசுங்கி, ஒரு பக்கப் பல் போயிருந்தது. அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு திருக்கோகர்ணத்தில் இருந்த தன் வீடு வரை நடந்தே வந்துவிட்டார். வேலை போன மனிதர் அசுரன் தலையோடு வாசலில் நிற்பதைப் பார்த்து, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அவர் மனைவி செவந்தி சிரித்துவிட்டாள்.

"இதுக்கும் சேத்து ஒலை வைக்கணுமா?" என்று கேட்டாளாம்.

அடுத்த எட்டொன்பது வருஷத்தில் அந்த வீட்டின் முன்னறை நிரம்பிவிட்டது. ஊரில் எல்லாரும் கொலுவுக்குச் சாமி பொம்மை வாங்கினால், இவர் அம்மன் காலடியிலிருந்து பெயர்ந்து விழுந்த மகிஷாசுரனைக் கேட்டு வாங்கி வருவார். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடு ஒன்றிலிருந்து, ரங்கூனில் வாங்கிய மரத்தாலான ராட்சசப் பொம்மை வந்தது. கயிற்றை இழுத்தால் கையும் காலும் ஆடும். சாவி கொடுத்தால் நெருப்புப்பொறி கக்கிக்கொண்டு நடக்கும் ஜப்பான் தகரப் பிராணி ஒன்றும் வந்தது. அது டிராகனா முதலையா என்று ஒரு மாலை முழுக்க நாங்கள் இருவரும் வாதாடியிருக்கிறோம். புது வீடுகளில் கட்டுகிற திருஷ்டி முகங்கள், எமலோகத்தில் பாவிகளை எண்ணெய்க் கொப்பரையில் போடும் படங்கள், எல்லாம் இருந்தன. குயவர் முனியசாமி, சூளையில் கோணிப்போன உருவங்களை உடைக்காமல் இவருக்கென்று எடுத்து வைப்பார்.

"ஏன் மாஸ்டர், சாமி முகம் ஒண்ணுகூட இல்லையே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமிக்குக் கண்ணு இத்தனை, மூக்கு இத்தனைன்னு அளவு இருக்கு சார். அசுரனுக்கு அளவு கெடையாது. செய்யிறவன் அவன் இஷ்டத்துக்குச் செய்யலாம். அதுல செஞ்ச ஆளு தெரிவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை ஒவ்வொன்றாக முன்னால் வைத்து வரைவார். மகள் அழகி பக்கத்தில் குப்புறப் படுத்து, எல்லாவற்றுக்கும் பேர் வைப்பாள். அவளுக்கு எதைக் கண்டும் பயமில்லை. அவளுடைய செல்லம் முனியசாமி சூளையில் வெந்த ஒரு சாண் உயரப் பூதம். தொந்தி, ஒன்றரைக் கண், வேகும்போது பிளந்துபோன வாய். எப்போதும் கொட்டாவி விடுவதுபோல இருக்கும். அதனால் அதற்குப் பேரே கொட்டாவி. அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுக்கொண்டுதான் அவள் பாடம் படிப்பாள்.

1957இல், அழகிக்குப் பத்து வயது நடக்கும்போது, காய்ச்சல் வந்து முழங்கால்கள் வீங்கின. வீக்கம் வடிந்தது; மூச்சுத்திணறல் வந்தது. நானும் கூடப்போனேன்; தஞ்சாவூரில் காட்டினோம். மூட்டுக்காய்ச்சல் இருதயத்தைப் பிடித்துவிட்டது, பாதம் வீங்கத் தொடங்கினால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே அழைத்துச் சொன்னார். அதை ஆவுடையப்பன் செவந்தியிடம் சொல்லவில்லை.

புரட்டாசியில் பாதம் வீங்கியது. செவந்தி குறி கேட்கப் போனாள். திரும்பி வந்து, முன்னறையில் நின்றுகொண்டு, அங்கிருந்த எதையும் பார்க்காமல் பேசினாள்.

"வீட்டுல ஆகாத உருவம் இருக்காம். அதுகள அய்யனாருக்கு..." என்று இழுத்தாள். ஒன்பது வருஷமாக அவற்றைத் தூசி தட்டியவள் அவள்தான். அவளுக்குமே சொல்ல வாய் வரவில்லை.

"குடுத்துருவோம்" என்றார் அவர், அவள் முடிக்கும் முன்பே. "எல்லாத்தையும் குடுத்துருவோம்."

அவருக்குக் குறியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லையென்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கவும் அவரால் முடியவில்லை.

மறுநாள் காலையில், அழகி உள்ளறையில் தூங்கும்போது, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி எல்லாவற்றையும் ஏற்றினோம். குடுமியான்மலைப் பாதையில் ஒரு கண்மாய்க்கரை அய்யனார் கோயில். வேண்டுதலுக்கு வைத்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். அந்தக் குதிரைகளின் காலடியில் இவருடைய அசுரர்களை இறக்கினோம். பூசாரி கண்ணுசாமி தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார்.

"வச்சது வச்சதுதாங்க. பெறகு மனசு மாறி எடுக்கப்படாது" என்றார்.

"எடுக்க மாட்டேன்" என்றார் ஆவுடையப்பன்.

அழகி விழித்ததும் தேடினாள். "சாமான்லாம் எங்கப்பா?"

"வெள்ளையடிக்கப் போறோம்மா. அங்கிட்டுக் கொண்டுபோய் வச்சிருக்கேன். செவுரு காஞ்சதும் வந்துரும்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அழகியால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தாள். தினமும் கேட்டாள். "காஞ்சிருச்சாப்பா?" மற்றவற்றைக் கேட்பதை விட்டுவிட்டாள். கொட்டாவியை மட்டும் கேட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் சைக்கிளை எடுத்தார். முகத்தைப் பார்த்து நானும் பின்னால் போனேன். கோயிலில் யாரும் இல்லை. காகிதக்கூழ்த் தலை மழையில் ஊறிக் கஞ்சியாகக் கரைந்து கிடந்தது. தகரப் பிராணி துருவேறியிருந்தது. அவர் எதையும் நின்று பார்க்கவில்லை. இரண்டு குதிரைகளின் காலுக்கு நடுவே குனிந்து கொட்டாவியை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து துடைத்து மகள் கையில் கொடுத்தார். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டாள்.

"காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சும்மா."

கஞ்சிக் கிண்ணத்தோடு செவந்தி நிலைப்படியில் நின்றிருந்தாள். அடுப்படிக்குப் போனபிறகுதான் அவள் குரல் கேட்டது.

"சாமிக்குக் குடுத்தத எடுத்தாந்துட்டீங்களா?"

"கேட்டாளே செவந்தி."

"கேட்டா? நெருப்பக் கேட்டாலும் எடுத்துக் குடுப்பீங்களா?"

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலையில், அழகி இறந்துபோனாள்.

அடக்கம் செய்த மறுநாள் செவந்தி யாரிடமும் சொல்லாமல் கொட்டாவியை முந்தானையில் சுற்றிக்கொண்டு, மழையில் அந்தக் கோயிலுக்கு நடந்தே போனாள். இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வந்தாள். கடிகாரம் அங்கேயே கிடந்ததாம். அதை அவள் தொடவில்லை.

அவர்மேல் அவள் சத்தம் போட்டதை யாரும் கேட்டதில்லை. சோறு போடுவாள், போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அவர் ஒரே ஒருமுறை, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் என்னிடம் கேட்டார்.

"நீங்க கூட இருந்தீங்கள்ல சார். நான் எடுத்திருக்கக் கூடாதோ?"

"டாக்டர் முன்னாடியே சொன்னாரே மாஸ்டர்."

"சொன்னாரு. எனக்கும் தெரியுது. ஆனா காலையில எந்திரிக்கிறப்போ அது ஞாபகம் வரமாட்டேங்குது. குதிரைக்கால் நடுவுல கைய விட்டதுதான் ஞாபகம் வருது."

அதன்பிறகு அவர் எதையும் சேர்க்கவில்லை. வகுப்பில் குடம், பூசணிக்காய், வாழைப்பூ என்று போர்டில் போட்டுக் கொடுத்தார். முனியசாமி ஒரு வருஷம் ஏதோ கோணல் முகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1962இல் செவந்தி என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்படித் தனியாக வந்ததே இல்லை.

"பழையபடி எதாச்சும் வாங்கட்டும்னு அவருகிட்டச் சொல்லுங்க சார். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வீடு வெறிச்சுன்னு கெடக்கு."

சொன்னேன். "அவளா சொன்னா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "இப்ப அதுல ஆசையில்லேன்னு சொல்லிருங்க சார்" என்றார். ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு நடுவில் நான் சேதி கொண்டுபோனேன்.

அடுத்த வருஷம் அவரை ஆலங்குடிக்கு மாற்றினார்கள். 1966இல் அங்கேயே, மாரடைப்பில், பள்ளிக்கூடம் கிளம்பும்போது விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சேதி கிடைத்துப் போகும்போது காரியமும் முடிந்திருந்தது. செவந்தி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு நாளு பகலெல்லாம் கொட்டாவி வாயில வெரல விட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டுக் கெடந்தா சார். மூச்சு வாங்கயிலயும் சிரிச்சா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். "அவரு பள்ளிக்கூடம் போயிருந்தாரு. அவரு அதப் பாக்கல. நானும் சொல்லல. ஒம்போது வருஷம் சொல்லல."

இனி எங்கே இருப்பாய் என்று கேட்டேன். கீரனூரில் தம்பி வீடு என்றாள். மூன்று மணிக்கு பஸ். மூட்டைகளில் ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன்.