கோலுக்கு மேலாலை

கனடாவில் ஃபுட்போல் என்றால் ஃபுட்போல் இல்லை. இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மொன்ட்ரியாலுக்கு வந்து பத்து மாதம். பள்ளிக்கூடம் முடித்தவர்கள் யூனிவர்சிட்டிக்கு முன்னம் படிக்கிற செஜெப் என்ற கொலிச்சில் சேர்ந்தேன். படிவத்தில் விளையாட்டு என்று கேட்ட இடத்தில், 'ஃபுட்போல், கொலிச் டீம், கப்டன்' என்று நிரப்பினேன். கப்டன் என்றது பொய். டீமில் இருந்தது உண்மை.

முதல் நாள் பயிற்சிக்கு அரைக்காற்சட்டையும் பூட்ஸுமாகப் போய் நின்றால், மைதானத்தில் ஐம்பது அறுபது எருமைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. பந்து முட்டை மாதிரி இருந்தது. நான் தேடி வந்த விளையாட்டுக்கு இந்த ஊரில் பெயர் சொக்கர். அது வேறு நாள், வேறு மைதானம். பிழையாக எழுதிவிட்டேன் என்று கோச்சிடம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. ரோசம் மட்டும் தேவைக்கு மேல் இருந்தது.

கோச் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மொத்த எடை அங்கே நின்றவர்களின் ஒரு தொடைக்குக் காணாது. முட்டைப் பந்தை நிலத்தில் நிறுத்தி, தூரத்தில் நின்ற மஞ்சள் கம்பங்களைக் காட்டினார். குறுக்குக் கம்பிக்கு மேலால் உதைக்க வேண்டுமாம்.

மேலால்! ஊரில் நான் பேச்சு வாங்கியதே அதற்குத்தான். கோல்கீப்பர் விழுந்து கிடந்தாலும் நான் கோலுக்கு மேலால்தான் அடிப்பேன். பந்து மதிலுக்கு அங்கால் இருந்த ஆமிக் காம்புக்குள் போய் விழும். "இனி ஆரடா போய்க் கேக்கிறது? உன்ரை கொப்பனோ?" என்று மாஸ்டர் காதைத் திருகுவார். அந்த ஒரு குற்றத்துக்காக ஒரு சீசன் முழுக்க ஆட இறங்காமல் வாங்கில் இருந்தவன் நான். இங்கே அதே குற்றத்துக்கு மூன்று புள்ளி தருகிறார்கள்.

பத்து அடித்தேன். எட்டு மேலால் போனது. கோச் ஒரு தலைக்கவசத்தைக் கொண்டுவந்து என் தலையில் வைத்து அமுக்கினார்.

அது போரின் கடைசி இலையுதிர்காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். அம்மா டிவி நாடகம் பார்ப்பதை விட்டுவிட்டா. அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கிவிட்டு வந்து, சாப்பிடாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் செய்தி பார்ப்பார். அந்த வீட்டில் ஃபுட்போல் என்று வாய் திறக்க முடியாது. சனிக்கிழமைகளில் லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏழு ஆட்டத்தில் ஐந்து வென்றோம்.

காட்டிக்கொடுத்தது ஒரு ஓசிப் பேப்பர். விளம்பரத் துண்டுகளோடு பையில் போட்டு வீட்டு வாசலில் தொங்கவிடுவார்களே, அது. அதில் நான், இரண்டு எருமைகளின் தோளில், பல் முழுக்கத் தெரிய. எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்தவர் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். பேப்பரோடு படியேறி வந்தார்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. அங்கை சனம் சாகுது. உங்கடை மகன் இங்கை ஆக்களின்ரை தோளிலை ஏறி இருந்து இளிக்கிறார்."

அப்பா படத்தைப் பார்த்தார். "இதுதானோ லைப்ரரி?"

"ஓம்."

"இண்டையோட விடு."

வருகிற சனி அரையிறுதி. டீமில் உதைக்க வேறு ஆளில்லை. பிரெஞ்சில் ஃபெயில், கணக்கில் ஃபெயில், பேச ஒரு சிநேகிதன் இல்லை. இந்த நாட்டில் எனக்குச் சரிவந்தது அந்த ஒரு உதைதான். அதையும் விடட்டாம்.

செயலாளரைப் பார்த்துக் கேட்டேன்: "அங்கிள், போன மாதம் உங்கடை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குக் குதிரை வண்டில் பிடிச்சனீங்கள். அப்ப அங்கை சனம் சாகேல்லையோ?"

"அது சடங்கு."

"குதிரையும் சடங்கோ?"

அம்மா குசினிக்குள் ஓடிவிட்டா. சிரிப்பை அடக்கத்தான். அப்பா என் கன்னத்தில் ஒன்று தந்தார்.

வியாழக்கிழமை மாமா ஃபோன் எடுத்தார். இரண்டு கிழமையாக ஒரு தொடர்பும் இல்லாமல் இருந்துவிட்டு, யாரோ ஒருவரின் சற்றலைட் ஃபோனில், மூன்று நிமிசம். அதில் ஒரு நிமிசத்தை அம்மா என்னைப் பற்றி முறையிட்டே முடித்தா. ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கரகரத்தது.

"விளையாடட்டும் அக்கா. இங்கையும் பின்னேரத்திலை பெடியள் பந்தடிக்கிறாங்கள். ஆமி செல் அடிச்சா விழுந்து படுக்கிறாங்கள், பேந்து எழும்பி அடிக்கிறாங்கள். வேறை என்னத்தைச் செய்யிறது? டேய், எப்ப மட்ச்?"

"சனிக்கிழமை, மாமா."

"என்ன நடந்ததெண்டு நான் எடுக்கேக்கை சொல்லு."

லைன் அறுந்தது.

சனி காலை அப்பா சந்தைக்கு லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தார். குளிரில் மூன்று மணித்தியாலம் வேலியோடு நின்றார். நான் இரண்டு உதை மேலால் அடித்தேன். மூன்றாவது, ஆட்டத்தின் கடைசி உதை, ஒரு நெட்டையனின் கையில் பட்டு விழுந்தது. பதினேழுக்குப் பதினாறு. தோற்றோம்.

திரும்பி வரும்போதுதான் அப்பா வாய் திறந்தார். "உவங்கள் ஏன் நிமிசத்துக்கு ஒருக்கா வட்டமாய் நிண்டு கூட்டம் போடுறாங்கள்? எங்கடை சங்கம் மாதிரி."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"தோத்ததைக் கீழ் வீட்டானுக்குச் சொல்லிப்போடாதை," என்றார். "மாமா எடுத்தா மட்டும் சொல்லு."

மாமா எடுக்கவில்லை. பனி விழுந்தபோதும் எடுக்கவில்லை, வசந்தத்தில் போர் முடிந்தபோதும் எடுக்கவில்லை. முகாம்களில் இருந்தவர்களின் பட்டியல் ஒவ்வொன்றாக வந்தது. அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்தார். ஒன்றிலும் மாமா இல்லை.

நான் சொல்ல ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒரு புள்ளியாலை, மாமா. அந்த நாய் கையை நீட்டிப்போட்டான்.