வேலியில் தொங்கிய படம்

பேர்ணடெற்றுக்குக் கோபமே வராது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேலாக விமானப் பணிப்பெண். குடிவெறியில் கத்துகிற பயணியையும் சிரித்த முகத்தோடு இருத்திவிடுவாள். அப்படிப்பட்டவள் போன வசந்தகாலத்தில், ஸ்காபரோவில், மோர்னிங்சைட் வீட்டின் குசினிக்குள் நின்று, கையிலிருந்த தொலைபேசியை மேசையில் ஓங்கி அடித்தாள்.

விஷயம் அதற்கு முந்தைய வருடமே தொடங்கிவிட்டது. ஊழியர்கள் தங்கள் பிறந்த இடங்களை உல்லாசப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று அவளுடைய விமான நிறுவனம் ஒரு திட்டம் போட்டது. மன்னார்க் கரையில் பிறந்தவள் முதல் ஆளாகக் கை தூக்கினாள். தன் ஊர் என்றால் சண்டையும் சாவும்தான் என்று நினைப்பவர்களுக்கு வேறொன்றைக் காட்ட ஆசை. லீவு போட்டு ஊருக்குப் போனாள். பயணிகள் தங்குவதற்கு ஊராரின் வீடுகளைப் பேசி ஒழுங்குபடுத்தினாள். நண்டுக்கறி சமைத்துக் கொடுக்கப் பெண்களைச் சேர்த்தாள். தம்பி பஸ்ரியன் கரைவலை இழுக்கிறவன். விரும்பியவர்கள் தன் ஆட்களோடு சேர்ந்து வலை இழுக்கலாம் என்றான். கடற்கரையில் அவள் சிரித்துக்கொண்டு நிற்பதை நிறுவனத்தின் ஆட்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நடந்ததை பஸ்ரியன்தான் தொலைபேசியில் சொன்னான். கரையோரமாக ஒரு முதலாளி ஹோட்டல் கட்டி முடித்திருந்தார். பயணிகளை எல்லாம் அங்கேயே அனுப்புவதாக விமான நிறுவனம் அவரோடு பேசி முடித்துவிட்டது. வெளிநாட்டார் குளிக்கிற இடத்தில் மீன் நாற்றம் கூடாதாம். வலை இழுக்கிற கரையை மறித்துத் தகரவேலி போட்டாயிற்று.

“வேலியிலை பெரிசா உன்ர படம்தான் தொங்குது அக்கா,” என்றான். “உன்ர அக்காவோ கரையை வித்தவ எண்டு சனம் கேக்குது.”

அப்போதுதான் அந்தத் தொலைபேசி மேசையில் விழுந்தது.

மறுநாள் நேரே அலுவலகம் போனாள். திட்டத்துக்குப் பொறுப்பானவன் ஜெனோசன், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கிராமத்து வீடுகளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, ஹோட்டல்தான் பாதுகாப்பு என்று விளக்கம் சொன்னான்.

“இட்ஸ் எ பிஸ்னஸ் டிசிஷன், அக்கா. பேர்சனலா எடுக்காதேங்கோ.”

“முகம் என்ர. ஊர் என்ர. பிறகு ஆர் பேர்சனலா எடுக்கிறது?”

விளம்பரத் தொடக்கவிழா முடியட்டும், பிறகு பேசலாம் என்றான்.

விழா நகர நடுவில், டவுன்ரவுணில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்கள் பயண முகவர்கள். பாதிப் பேர் தமிழர். சீருடையோடு மேடை ஏறினாள். பின்னால் திரையில் அவளுடைய சிரிப்பு ஆளுயரத்துக்கு விரிந்திருந்தது. ‘என் வீட்டுக்கு வாருங்கள்’ என்று வாசிக்க வேண்டும். வாசிக்கவில்லை. நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“உந்த ஹோட்டலுக்கு ஆக்களை அனுப்பாதேங்கோ. உது என்ர வீடில்லை. என்ர சனத்தின்ர வாயிலை மண்ணைப் போட்டுத்தான் உந்த வேலி நிக்குது.”

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். குரலை உயர்த்தி மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

அன்றே அவளை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். தொழிற்சங்கம் மல்லுக்கட்டி வேலையை மீட்டுக்கொடுத்தது. வேலியிலிருந்த படத்தையும் கழற்றிவிட்டார்கள். மில்லிக்கனில் பயண முகவர் கடை வைத்திருக்கும் நிரூபா, அந்தக் கிராமத்து வீடுகளுக்கே ஆட்களை அனுப்பத் தொடங்கினாள். கோடையில் சில குடும்பங்கள் போய் வந்தன.

ஆனால் பஸ்ரியனும் ஆட்களும் இன்றைக்கும் தள்ளி, கல் நிறைந்த கரையில்தான் வலை இழுக்கிறார்கள். வலை கிழிகிறது. நீ வென்றுவிட்டாய், இனி விடு என்று நிரூபா ஒருநாள் சமாதானம் சொன்னாள். பேர்ணடெற்றுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வேலி இன்னும் நிக்குது, நிரூபா. என்னத்தை வெண்டனான்?”

வேலையில்லாத நாட்களில் இப்போதும் முகவர் கடைகளுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறாள். அந்த ஹோட்டலின் பெயரைச் சொல்கிறவர்களிடம் உட்கார்ந்து, அங்கே ஆட்களை அனுப்ப வேண்டாம் என்று பேசுகிறாள். குரலைத் தணிப்பதில்லை.