திறந்தே கிடக்கும் காரேஜ்

இந்த நாட்டில் வீட்டின் மிகப் பெரிய கதவு மனிதர்களுக்கு இல்லை, காருக்கு. பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே மேலே ஏறும். வேடிக்கை என்னவென்றால், டொராண்டோவில் எங்கள் தெருவில் ஒருவரும் காரேஜில் காரை விடுவதில்லை. கார் வெளியே பனியில் கிடக்கும், உள்ளே பழைய சோபா சொகுசாக இருக்கும். எங்கள் காரேஜில் கணவரின் பிளம்பிங் சாமான்கள் இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் வந்த மூன்றாம் வருஷம், பட்டப்பகலில் பக்கக் கதவை நெம்பி அவற்றை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. தெருவில் விசாரித்தோம். யாரும் எதையும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள், எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டல்லவா இருந்தோம்.

போலீஸ்காரர் வந்து, ஜன்னலுக்குத் தாள் ஒட்டுங்கள், கதவை எப்போதும் மூடியே வையுங்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். நெத்திலியை மணலில் காயப் போட்டுவிட்டுப் பூட்டி வைக்கவா முடியும்? வீட்டுக்கு வீடு பக்கத்துப் பக்கத்தில் பரப்புவோம். ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருக்கிறவள் எல்லார் கருவாட்டுக்கும் காவல். காக்காய், நாய், ஆள் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் நிம்மதியாகத் திருப்போரூருக்கு விற்கப் போவார்கள். பார்த்துக்கொள் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

பழைய சாமான் கடைகளில் அலைந்து எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தோம். கோடை பிறந்ததும் காரேஜ் கதவை முழுக்க ஏற்றிவிட்டு, நாற்காலி போட்டு, தைக்கிற துணியோடு உட்கார்ந்தேன்.

“கதவ மூடு. மறுக்காவும் போச்சுன்னா நம்ம கதி இன்னா?” என்றார் கணவர்.

“மூடிக்கினு இருந்தப்பதான போச்சு?” என்றேன்.

முதல் நாளே எதிர்வீட்டு மாரியோ வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இத்தாலிக்காரர். பைப் ரெஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து, “ஹவ் மச்?” என்றார். காரேஜைத் திறந்து சாமான் பரப்பினால் இங்கே அது விற்பனைக்கு.

“நாட் ஃபார் சேல்” என்றேன்.

“தென் வொய் ஓப்பன்?”

கருவாட்டுக் காவலை விளக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை. இன்னொரு நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் போய்விட்டார். நான் தினமும் உட்கார்ந்தேன். ஜூலையில் ஒரு நாள் அவரும் தன் காரேஜைத் திறந்து, செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பைப் பார்க்க உள்ளே போன நேரத்தில் எங்கள் வாசலில் ஒரு வேன் நின்று, இரண்டு பேர் இறங்கினார்களாம். நான் திரும்பி வந்தபோது வேன் இல்லை. என் நாற்காலியில் மாரியோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஸ்பானர்கூடப் போகவில்லை. இப்போதும் குளிர்காலத்தில் மட்டும்தான் அந்தக் கதவை மூடுகிறேன். அதுவும் பனிக்குப் பயந்து, திருடனுக்குப் பயந்து இல்லை.

சில வருஷம் கழித்து ஊருக்குப் போனேன். தம்பி குப்பத்தை விட்டுப் படூரில் வீடு கட்டியிருந்தான். காருக்கு ஷட்டர் போட்ட ஷெட். காலையில் ஷட்டரை ஏற்றிவிட்டு வாசலில் நாற்காலி போட்டேன். ஓடி வந்தான்.

“இன்னாக்கா பண்ற? எவனாவது உள்ள பூந்துடுவான். அந்த ஊரு பயக்கத்த இங்க எடுத்துகினு வராத.”

“எந்த ஊரு பயக்கம்டா?” என்றேன்.

அவன் ஷட்டரைக் கீழே இழுத்தான். நான் எழுந்திருக்கவில்லை. என் தலைக்கு மேலே வந்து அது நின்றது. நாற்காலியின் முன்கால்கள் தெருவில், பின்கால்கள் ஷெட்டுக்குள். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.